நடுவில் ஓர் எண் இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும்?

காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையின் சரக்குக் கணக்கை டேட்டாபேஸில் ஏற்றிக் கொடுத்தவன் நான். பர்மா தேக்குத் தூண், எனாமல் தூக்குவாளி, சாவி தொலைந்த பித்தளைப் பூட்டு என்று ஒவ்வொன்றுக்கும் டேட்டாபேஸ் தானாகக் கொடுக்கும் ஓர் எண். அதே எண்ணை அட்டையில் எழுதிப் பொருளிலும் கட்டியிருந்தோம். போன வாரம் ஒருவர் அத்தனை எண்களையும் ஒன்றிலிருந்து மாற்றிப் போட்டுவிட்டார். கேட்டால், "நடுநடுவே எண் விட்டுப்போயிருந்தது தம்பி, பார்க்க அசிங்கமாக இருந்தது" என்கிறார்.

எது அசிங்கம்? தவறாகப் பதிந்ததை அழித்தால் அந்த எண் போனது போனதுதான். பதிவு பாதியில் ரத்தானாலும் எடுத்த எண் திரும்பாது. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் என்ற இரண்டு டேட்டாபேஸ் மென்பொருள்களிலும் அப்படித்தான். ஒரே நேரத்தில் இருவர் பதிந்தால் மோதக்கூடாது என்று வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. முன்பு மைஎஸ்க்யூஎல்லை நிறுத்தித் தொடங்கினால், வரிசையின் கடைசியில் அழித்த எண் புதுப் பதிவுக்குப் போய்விடும். அதையே குறையென்று 8.0 பதிப்பில் திருத்தினார்கள். எண் தீர்ந்துவிடுமென்ற பயமா? முழு எண்ணுக்கான சாதாரண இன்ட் வகையே 214 கோடியைத் தாண்டி எண்ணும். செட்டிநாட்டு வீடுகள் அத்தனையையும் பிரித்துக் கொண்டுவந்து அடுக்கினாலும் அது நிரம்பாது!

சோதனைக்காகப் போட்ட அட்டவணை என்றால் எல்லாப் பதிவையும் ஒரேயடியாக நீக்கும் ட்ரங்கேட் கட்டளை கொடுத்துக் காலிசெய்யுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் எண் தானாக ஒன்றிலிருந்து தொடங்கும். யார் கேட்கப் போகிறார்கள்? நடப்புக் கணக்கில் ஏன் கைவைக்க வேண்டும்? வேறு அட்டவணைகள் இந்த எண்ணைச் சுட்டும் இணைப்பு அறுந்துவிடாமல் காக்கும் ஃபாரின் கீ குறுக்கே நின்று தடுத்திருக்கிறது. அந்தச் சோதனையையே அணைத்துவிட்டு மாற்றியிருக்கிறார். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

612ஆம் எண் தூணுக்கு மதுரைக்காரர் ஒருவர் முன்பணம் கட்டியிருந்தார். இன்று 612 என்று தேடினால் ஊறுகாய் ஜாடி வருகிறது. தூண் 588க்குப் போய்விட்டது. முன்பணம் ஜாடியின் பேரில் நிற்கிறது. பில் எண் இடைவெளியில்லாமல் வேண்டும், ஏப்ரலில் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும் என்றால் அதற்குத் தனி நெடுவரிசை வைத்துத் தருகிறேன், பொருளின் அடையாள எண்ணான பிரைமரி கீயைத் தொடாதீர்கள் என்று முதல் நாளே படித்துப் படித்துச் சொன்னேனே!

பழைய காப்புப் பிரதி இருக்கிறது. ஆனால் எண் மாறிய பிறகு மூன்று நாள் புதுச் சரக்கு ஏறியிருக்கிறது. அதற்கு விழுந்த எண்களெல்லாம் காப்புப் பிரதியில் பழைய பொருள்களின் எண்கள். நானும் கடைப் பையனும் கிடங்கில் உட்கார்ந்து ஒவ்வோர் அட்டையாகப் பார்த்துச் சரிசெய்துகொண்டிருக்கிறோம். இரவு ஒன்பதாகிறது. இன்னும் 140 பொருள் பாக்கி.