ஒரு எஸ்எஸ்டி கேட்டதற்கு இவ்வளவு பேச்சா?

என் பழைய கம்ப்யூட்டரைப் படம் எடுத்துப் போட்டு ஒரு கேள்வி கேட்டிருந்தேன். அதற்கு வந்த கிண்டல் கமென்டை, எழுதியவரே நீக்கிவிட்டார். பரவாயில்லை, பார்க்க வேண்டியவர்கள் எல்லாம் பார்த்தாகிவிட்டது. "மியூசியத்துக்குக் குடுத்துடுங்க மேடம், பக்கத்துலயே நீங்களும் ஒரு சேர் போட்டு உக்காரலாம்." கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள்.

நான் கேட்டது என்ன? ஹார்டு டிஸ்க் கடகடவென்று சத்தம் போடுகிறது, அதற்குப் பதில் எஸ்எஸ்டி, அதாவது உள்ளே எதுவும் சுற்றாத, வேகமான டிஸ்க், மட்டும் மாற்றினால் போதுமா என்று. அவ்வளவுதான். "அதில் என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று ஒருத்தராவது திருப்பிக் கேட்டீர்களா? படத்தைப் பார்த்ததும் 4வது தலைமுறை ஐ5 பிராசஸர், டிடிஆர்3 ரேம், எல்லாம் பழசு, தூக்கிப் போடு. தீர்ப்பு முடிந்தது.

என்ன வேலை என்று நானே சொல்கிறேன். டிடிபி. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர். பக்கம் வடிவமைக்க பேஜ்மேக்கர் 7 சாஃப்ட்வேர். ஆமாம், 2001இல் வந்ததுதான், சிரித்துக்கொள்ளுங்கள். இப்போது போனிலும் நெட்டிலும் எல்லாரும் தமிழ் அடிக்கிற யூனிகோட் முறை அதற்குத் தெரியாது. என் பழைய தமிழ் எழுத்துருக்கள் அதில்தான் ஒழுங்காக உட்காரும். யாருடைய கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தேனோ அவர்களே இப்போது பிள்ளையின் காதுகுத்துக்கு வந்து, "அதே மாடல்ல போடுங்கக்கா" என்கிறார்கள். ஃபைலைத் திறந்து பெயரை மாற்றினால் வேலை முடிந்தது.

என் லேசர் பிரின்டரை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேர் பழைய 32 பிட் வகை. அதனால் விண்டோஸும் 32 பிட். விண்டோஸ் 11இல் 32 பிட்டே கிடையாது. அது கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் 8வது தலைமுறை பிராசஸரும் என்னிடம் இல்லை. புது பிராசஸர் என்றால் புது போர்டு, புது போர்டு என்றால் புது ரேம், ஏனென்றால் டிடிஆர்3 அந்த ஸ்லாட்டில் நுழையவே நுழையாது. அப்புறம் பிரின்டர். ஏஐ டேட்டா சென்டர்காரர்கள் மெமரியை எல்லாம் அள்ளிக்கொண்டு போய், 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எங்கேயோ நிற்கிறது. கடைகளில் நாம் வாங்கும் குரூஷியல் ரேமையே நிறுத்துகிறோம் என்று மைக்ரான் அந்த டிசம்பரில் அறிவித்தது. இந்த நேரத்தில்தான் எனக்குப் புது செட் வாங்கச் சொல்லி அறிவுரை.

பாண்டியில் ஒரு கடைக்காரர் மூடியைக்கூடக் கழற்றாமல், "16 ஜிபி ரேம் போடுங்க, பறக்கும்" என்றார். 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் தொடாது சார். மீதி 12 ஜிபி உள்ளே உட்கார்ந்து வேடிக்கை பார்க்குமா? அவரும் என்ன வேலை என்று கேட்கவில்லை.

"விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு சப்போர்ட் போச்சே, பாதுகாப்பு?" இந்த மெஷினில் நெட்டே கிடையாது. பேங்க் வேலை எல்லாம் போனில். "பென்டிரைவ்ல வைரஸ் வருமே?" வரும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். "எஸ்எம்பிஎஸ் போயிடும்" என்கிறார் ஒருவர், கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டியைச் சொல்கிறார். போனால் எஸ்எம்பிஎஸ் மாற்றுவேன். "கரண்ட் பில்" என்றவருக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

அந்தப் படத்தில் தெரிந்த தூசியையும் கிண்டல் செய்தார்கள். கடலூரில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. ஸ்க்ரூ எல்லாம் உப்புக்காற்றில் துருவேறித்தான் இருக்கும். ஃபேன் இறக்கைகளில் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி படிந்திருந்தது, மூலையில் இரண்டு பல்லி முட்டை வேறு. பிரஷ்ஷால் தட்டி, பிராசஸருக்குப் புது பேஸ்ட் வைத்து, தேதியை அடிக்கடி மறக்கிறதே என்று பயாஸ் பேட்டரியையும் மாற்றினேன். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து செம்மண்டலம் பக்கம் புகுந்தபோது, நான் முதலில் தூக்கிப் பரணில் வைத்தது இந்த சிபியுவைத்தான். நகைப்பெட்டி அப்புறம்.

சரி, யாரோ ஒரு தம்பி கிண்டல் செய்தார், போகட்டும். ஆனால் அந்தக் கமென்டுக்கு ஹார்ட் போட்டவர்களில் என் அண்ணன் மகனும் ஒருவன். அவனுடைய காலேஜ் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை ராத்திரி முழுக்க உட்கார்ந்து அடித்து, பிரின்ட் எடுத்து, பைண்டிங்கும் போட்டுக் கொடுத்தது இதே மியூசியம்தான். காசு வாங்கவில்லை. "அத்தை, ஒரு பக்கம் மட்டும் மாத்தணும்" என்று விடியற்காலையில் எழுப்பியபோது மெஷின் பழசாகத் தெரியவில்லை. நானும் தெரியவில்லை. இப்போது பெங்களூரில் வேலை. நல்லா இருக்கட்டும்.

வீட்டில் வைத்து வேலை செய்கிற பொம்பளை என்றால் எல்லாருக்கும் ஒரு இளக்காரம். கடை போர்டு மாட்டி, ஏசி வைத்து, கலர் லைட் எரியும் கேபினட்டோடு உட்கார்ந்திருந்தால் இதே ஆட்கள் "சார்" போட்டிருப்பார்கள்.

எஸ்எஸ்டி ஆர்டர் போட்டாயிற்று. பழைய டிஸ்கில் இருப்பதை எல்லாம் அப்படியே அதில் நகல் எடுத்து குளோன் செய்யப் போகிறேன். விண்டோஸ், எழுத்துரு எதையும் திரும்பப் போட வேண்டியதில்லை. அதை மாட்டும் சாட்டா 3 போர்ட் போர்டிலேயே இருக்கிறது. இந்த வேலைக்கு அது தாராளம்.

அண்ணன் மகனுக்குத் தை மாதம் கல்யாணம். பத்திரிகைக்கு அத்தையிடம்தான் வருவான். வரட்டும், இந்த முறை பில் உண்டு.