சம்பாவ் புல்லும் லாமார்க்கும்

புலனத்தில் அந்தக் காணொலி மறுபடியும் சுற்றுகிறது. உயிரினங்கள் மாறுவதைப் பற்றி லாமார்க் என்ற பிரெஞ்சு அறிஞர் ஒன்று சொன்னாராம், டார்வின் வேறொன்று சொன்னாராம், பிறகு வந்தவர்கள் இருவரையும் மறுத்தார்களாம், ஆகவே பரிணாமமே கட்டுக்கதையாம். பீடோர் நண்பர்கள் ஆளாளுக்கு அனுப்பிவிட்டார்கள். சண்டை நடந்தது உண்மைதான். உயிரினங்கள் எப்படி மாறின என்பதில்தான் சண்டை. மாறினவா என்பதில் இவர்களுக்குள் வழக்கே இல்லை.

செம்பனைத் தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கிற யாரையும் கேளுங்கள். "சம்பாவ் புல் இப்பல்லாம் சாகறதில்லண்ணே, மருந்துக்குப் பழகிடுச்சு" என்பார். அச்சு அசல் 1809-ஆம் ஆண்டு லாமார்க்! தேவைக்கேற்ப உடல் மாறும், அந்த மாற்றம் பிள்ளைக்கும் போகும். டார்வின் கட்சி இதை ஒப்பாது. எந்தப் புல்லும் பழகவில்லை. கோடிப் புல்லில் ஏதோ ஒன்றில் மரபணு தற்செயலாகப் பிசகியிருந்தது. மருந்து மற்றதையெல்லாம் கொன்று அதற்கு இடம் காலி பண்ணிக் கொடுத்தது. இப்படிப் பொருந்தியது தங்கி மற்றது அழிவதுதான் இயற்கைத் தேர்வு. கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்கு அடங்காத சம்பாவ் மலேசியாவில் 1997-இல் தெரியவந்தது. ஆராய்ந்தால், மருந்து தாக்குகிற நொதியில் (செல்லுக்குள் வேலை செய்யும் ஒரு புரதம்) அதன் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்று மாறியிருந்தது. இரண்டு அமினோ அமிலம் மாறிய புல்லும் இங்கேயே கிடைத்ததாக 2015-இல் எழுதினார்கள். ஒன்று மாறியதைவிட அது மருந்துக்கு இன்னும் அடங்காது.

லாமார்க்கைக் கவிழ்க்க வைஸ்மான் என்ற ஜெர்மன் உயிரியலாளர் ஐந்து தலைமுறை எலிகளுக்கு வாலை வெட்டினார். பிறந்த 901 குட்டிக்கும் வால் இருந்தது. (இதற்கு எலி எதற்கு? நாம் எத்தனை தலைமுறையாகக் காது குத்துகிறோம்!) என்னைக் கேட்டால் அது லாமார்க்குக்குச் செய்த அநியாயம். அவர் பேசியது உறுப்பைப் பயன்படுத்துவதைப் பற்றி, வெட்டுக்காயத்தைப் பற்றி அல்ல. டார்வினே 1868-இல், பழக்கத்தால் வந்தது பிள்ளைக்கும் போகும் என்று ஒரு கொள்கை எழுதினார். காணொலிக்காரருக்கு இது தெரியாதுபோல; தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டார்.

பழக்கத்தால் வந்தது பிள்ளைக்குப் போகாது என்பதில், டார்வினைப் போலவே இயற்கைத் தேர்வைக் கண்டுசொன்ன வாலஸ் பிற்காலத்தில் டார்வினைவிடக் கறார். 1854-இல் நம் குனோங் லேடாங் மலை ஏறியவர். 1855-இல் சரவாக்கின் சந்துபோங்கில் உட்கார்ந்து, ஒவ்வோர் இனமும் தன்னை ஒத்த முந்தைய இனத்தை ஒட்டியே தோன்றியது என்று எழுதியவர். நம் பிள்ளைகளுக்கு டார்வின் போன கலாபகோஸ் தீவுகள் தெரிகிறது, சந்துபோங் தெரியவில்லை. எனக்கு இதில் கொஞ்சம் கோபமே உண்டு.

1900-இல், பண்புகள் பிள்ளைக்கு எப்படிப் போகின்றன என்று பட்டாணிச் செடியில் கண்ட மெண்டலின் ஆய்வு மீண்டும் வெளிச்சத்துக்கு வந்ததும் டே விரீஸ் என்ற டச்சுத் தாவரவியலாளர், டார்வின் சொன்னதுபோல் சிறுகச் சிறுக அல்ல, ஒரே தாவலில் புது இனம் பிறக்கும் என்றார். டார்வின் கதை முடிந்ததென்றே பலர் நினைத்தார்கள். ஃபிஷர், ஹால்டேன், ரைட் என்ற மூன்று மரபியலாளர்களும் கணக்குப் போட்டு, மெண்டலும் டார்வினும் ஒத்துப்போவதைக் காட்ட முப்பதுகள் ஆகிவிட்டன.

1968-இல் கிமுரா என்ற ஜப்பானிய மரபியலாளர் வந்தார். மூலக்கூறு அளவில் பெரும்பாலான மாற்றங்களால் லாபமும் இல்லை நட்டமும் இல்லை, அவை குருட்டாம்போக்கில் பரவுகின்றன என்றார். அடுத்த காணொலி இவரை வைத்து வரலாம். வந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: சூழலுக்குப் பொருந்திய உறுப்புகள் இயற்கைத் தேர்வால் வந்தவை என்பதைக் கிமுரா மறுக்கவே இல்லை. தற்செயலுக்கு எவ்வளவு பங்கு, தேர்வுக்கு எவ்வளவு பங்கு என்பதில்தான் இன்றும் இழுபறி.