கழுத்துக் கருப்பு அழுக்கு இல்ல அயித்தை

போன மாசம் செட்டிநாட்டுக் கானாடுகாத்தான்ல எங்க பெரிய வீட்டுல சித்தப்பாவுக்கு சாந்தி, அதான் அறுபதாம் கல்யாணம். காலைப் பலகாரம் முடிஞ்சு பொம்பளைக எல்லாம் இரண்டாங்கட்டுல உக்காந்திருக்கோம். எங்க பெரிய அயித்தை என் அண்ணன் மகளக் கூப்பிட்டு முன்னாடி உக்கார வச்சாங்க. பிளஸ் டூ படிக்கிற பிள்ளை, 17 வயசு. எலுமிச்சம்பழத்தப் பாதியா அறுத்து சீனியில தொட்டு அது பின்கழுத்துல தேய்க்க ஆரம்பிச்சுட்டாங்க. "ஏத்தா, குளிக்கும்போது கழுத்தத் தேய்க்கவே மாட்டியா, இம்புட்டு அழுக்கு?" சுத்தி பதினஞ்சு பேரு. பிள்ளை தலையத் தூக்கவே இல்ல, காதுமடல் மட்டும் செவந்து கிடந்துச்சு.

எனக்கும் அதே கழுத்துதான். என் 19 வயசுல எங்க ஆத்தா பயத்தமாவு போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு தோலு உரிஞ்சதுதான் மிச்சம், கருப்பு போகல. போகாது. ஏன்னா அது அழுக்கே இல்ல. உடம்பு இன்சுலின் சொல்றதக் கேக்காமப் போறப்ப, கணையம் இன்னும் இன்னும் இன்சுலினக் கொட்டும், அந்தக் கூடுதல் இன்சுலின்தான் கழுத்துலயும் அக்குள்லயும் தோலத் தடிக்க வச்சுக் கருப்பாக்குது. அதே இன்சுலின் சினைப்பைக்குப் போயி ஆண் ஹார்மோன அதிகமா சுரக்கச் சொல்லுது, அதனாலதான் பீரியட்ஸ் ரெண்டு மாசம் மூணு மாசம் தள்ளிப்போறது, மேலுதட்டுல முடி, தாடையில பரு எல்லாம். இதத்தான் பிசிஓஎஸ்ங்கறாங்க, நம்ம பேச்சுல நீர்க்கட்டி. எல்லாருக்கும் இப்படியே இருக்காது, ஒல்லியா இருக்கிற பிள்ளைகளுக்கும் பிசிஓஎஸ் வருது, ஆனா எங்க வீட்டுக் கதை இதுதான்.

நீர்க்கட்டின்னு பேரு வச்சதுதான் பெரிய வினை. கட்டின்னு சொன்ன உடனே வீடே அலறுது. அது கட்டியும் இல்ல ஒண்ணும் இல்ல, வளர ஆரம்பிச்சுப் பாதியில நின்னுபோன முட்டைப் பைகள். 1935ல சிகாகோல ஸ்டைன், லெவந்தால்னு ரெண்டு டாக்டருங்க சினைப்பையப் பாத்து எழுதினதுல இருந்து எல்லாருக்கும் கண்ணு அங்கேயே நின்னுபோச்சு. அண்ணன் மகளுக்கும் "ஸ்கேன் எடுத்தாச்சா"ங்கறதுதான் முதல் கேள்வி. வயசுக்கு வந்து எட்டு வருஷம் ஆகாத பிள்ளைகளுக்கு ஸ்கேன வச்சு இத முடிவு பண்ணக்கூடாதுன்னு 2023ல வந்த சர்வதேச வழிகாட்டுதலே சொல்லுது, அந்த வயசுல பல பிள்ளைகளுக்கு சினைப்பை சாதாரணமாவே அப்படித்தான் தெரியும்.

என் கதையையும் சொல்லிடறேன். அப்ப பாத்த டாக்டரம்மா (பேரு வேணாம்) மாத்திரை குடுத்துட்டு "கல்யாணம் பண்ணி வைங்க, சரியாயிரும்"னாங்க. மாத்திரையக் குறை சொல்லல, மாசக்கணக்கா தீட்டு வராம இருந்தா கருப்பையோட உள்சுவருக்கு நல்லதில்ல, அதுக்கு அது வேணும். ஆனா சுகர் பாருங்கன்னு ஒரு வார்த்தை யாரும் சொல்லல. அப்பறம் மாசமா இருக்கும்போது சுகர் வந்துச்சு. இப்ப 39 வயசு, மூணு மாச சராசரி சுகரக் காட்டுற ஹெச்பிஏ1சி 6.1, சர்க்கரை நோய்க்கு முந்தின கட்டம். எங்க அப்பச்சிக்கு (அப்பாவத்தான் அப்படிக் கூப்பிடுவோம்) 44 வயசுல சுகர். அப்பத்தாவுக்குக் கால் விரல எடுத்தாங்க. எல்லாம் தனித்தனிக் கதைன்னே நினைச்சுக்கிட்டு இருந்தோம்.

இங்கதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு. நாம யாரு? நகரத்தாரு. பொண்ணு பாக்கப் போனா எந்தக் கோயில், இளையாத்தங்குடியா, மாத்தூரா, வைரவன்பட்டியா, எந்தப் பிரிவு, எந்த வீடுன்னு நாலு தலைமுறைய மனப்பாடமா ஒப்பிக்கிற ஆளுக. எந்தப் புள்ளி, அதான் கல்யாணமான குடும்பம், எங்க இருக்குன்னு கணக்கு வச்சிருக்கோம். ஆனா யாருக்கு எந்த வயசுல சுகர் வந்துச்சுன்னு கேட்டா "ச்சூ, சம்பந்தம் பேசுற இடத்துல அத எதுக்கு"ம்பாங்க. பிசிஓஎஸ் இருக்கிற பொண்ணோட அம்மா, அப்பா, அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி எல்லாருக்குமே இன்சுலின் கோளாறு வர வாய்ப்பு கூடுதல். ஆம்பளைக்கு சினைப்பை இல்லாததால பேரு வைக்கல, அம்புட்டுத்தான். பொண்ணுக்கு முதல்ல வெளிய தெரியுது, அதனால அது பொண்ணோட குறையாப் போச்சு.

இன்னொண்ணு, வாட்சப்ல "கருப்புக் கவுனி அரிசி சாப்பிட்டா பிசிஓடி போயிரும்"னு சுத்துது, பிசிஓஎஸ்ஸத்தான் அப்படிச் சொல்றாங்க. நம்ம வீட்டுக் கவுனி எப்படிச் செய்யறோம்? ஒரு படி அரிசிக்குக் கிட்டத்தட்ட ஒரு படி சீனி, தேங்காப்பூ, மேல நெய்யி. மருந்தாம்! விசேஷத்துக்குச் சாப்பிடுங்க, நானும்தான் ரெண்டு கரண்டி சாப்பிட்டேன், ஆனா மருந்துன்னு சொல்லாதீங்க.

சாந்தி முடிஞ்ச அடுத்த வாரம் அண்ணன் மகளக் காரைக்குடி கூட்டிட்டுப் போனேன். அண்ணனையும் வம்பா இழுத்துட்டுப் போனேன், "நான் வருஷா வருஷம் வெறும் வயித்துல பாக்குறேன், நார்மல்"னு வழியெல்லாம் முனகல். வெறும் வயித்து சுகர் மட்டும் பாத்தா இது நழுவிரும், 75 கிராம் குளுக்கோஸக் கரைச்சுக் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாக்கணும். பிள்ளைக்கு வெறும் வயித்துல 92, ரெண்டு மணி நேரத்துல 151. அண்ணனுக்கு 96, அப்பறம் 187. அந்த ரெண்டு மணி நேரக் கணக்குல 140 தாண்டினாலே சர்க்கரை நோய்க்கு முந்தின கட்டம், 200ன்னா நோயே. அண்ணன் இடுப்ப அளந்தா 98 சென்டிமீட்டர், நம்ம ஊரு ஆம்பளைக்கு 90க்குள்ள இருக்கணும். வீட்டுல மோசமான ரிப்போர்ட் மீசை வச்ச ஆளோடது! பிள்ளை அன்னைக்குத்தான் ரொம்ப நாள் கழிச்சு சிரிச்சுச்சு, "அப்பச்சி, கழுத்தக் காட்டுங்க"ன்னு.

காட்டினாரு. காலருக்குள்ள அதே கருப்பு.

இப்ப ரெண்டு பேரும் சாயங்காலம் நடக்குறாங்க, ராத்திரி சோத்தக் குறைச்சாச்சு, மத்தது டாக்டர் பாத்துக்கறாங்க. இத அயித்தைகிட்ட போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்பறம், மெட்ராஸ்ல இருக்கிற ரெண்டு மகன்களுக்கும் பாக்கச் சொல்றேன், தானும் வர்றேன்னாங்க. ஒரே ஒரு சந்தேகமாம், அந்தக் குளுக்கோஸ் தண்ணி குமட்டுமே, எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கலாமான்னு கேட்டாங்க. லேப்ல கேட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.