போர்ட் ஃபார்வர்ட் போட்டாச்சுன்னு பொய் சொல்லாதீங்க!

கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் தெருவுக்குத் தெரு வீட்டுக் கேமரா வந்துவிட்டது. மாட்டச் சொன்னவர் துபாயிலோ தம்மாமிலோ இருக்கிறார். வாசலில் யார் நிற்கிறார்கள், உம்மா நல்லபடியாக மாடிப்படி இறங்கினாரா என்று அங்கிருந்தே போனில் பார்க்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். கேமராக்காரர் படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியை வைக்கிறார், ரவுட்டரில் ஏதோ தட்டுகிறார், "போர்ட் ஃபார்வர்ட் போட்டாச்சு காக்கா, இனி எங்கேர்ந்து வேணாலும் பாருங்க" என்கிறார், காசை வாங்கிக்கொண்டு போகிறார். போர்ட் என்றால் கருவியின் எண் போட்ட வாசல். வெளியிலிருந்து அந்த வாசலுக்கு வரும் அழைப்பை இன்ன கருவிக்கு அனுப்பு என்று ரவுட்டரில் எழுதி வைப்பதுதான் போர்ட் ஃபார்வர்ட். வீட்டு வைஃபையில் படம் வருகிறது. துபாயில் வரவில்லை. வராது! அந்த லைனில் போர்ட் ஃபார்வர்ட் நூறு தடவை போட்டாலும் வராது. இன்டர்நெட் லைன் கொடுத்தவருக்கு அது நன்றாகவே தெரியும். வாயைத் திறப்பதில்லை. வயிறு எரிவது இதில்தான்.

விஷயம் இதுதான். இன்டர்நெட் கருவிகளுக்கு எண் முகவரி கொடுக்கும் ஐபிவி4 முறையில் உலகம் முழுக்கச் சேர்த்து 430 கோடிக்குக் கொஞ்சம் குறைவான முகவரிகள்தான் உண்டு. நம் ஆசியா பசிபிக் பகுதிக்குப் பிரித்துக் கொடுக்கும் ஏப்னிக் அமைப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. அதனால் லைன்காரர்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகளைச் சேர்த்து நிறுத்துகிறார்கள். இதற்குப் பெயர் சிஜிநாட். இதற்கென்றே 100.64-இல் தொடங்கி 100.127 வரையுள்ள முகவரிகளை 2012-இல் தனியாக ஒதுக்கி வைத்தார்கள். துபாயிலிருந்து வரும் அழைப்பு முதலில் போய் நிற்பது லைன்காரருடைய நாட் கருவியில், அதாவது பொது முகவரியையும் உள் முகவரியையும் மாற்றிப் போடும் பெட்டியில். எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று அந்தக் கருவிக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை, அதனால் அழைப்பு அங்கேயே விழுந்துவிடுகிறது. தெருமுனை கேட்டைப் பூட்டிவிட்டு, நம் வீட்டுக் கதவை மட்டும் விரியத் திறந்து வைத்தால் விருந்தாளி எப்படி வருவார்?

முகவரி பஞ்சம் இருக்கிறது, சிஜிநாட் போடுகிறார்கள், அது புரிகிறது. அதைச் சொல்லாமல் மறைக்கிறார்களே, அதற்கு என்ன நியாயம்? இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடிக்கிற சமாச்சாரம் இது. போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வீட்டு வைஃபையில் இருங்கள். பிரவுசரில் 192.168.1.1 தட்டினால் பெரும்பாலும் ரவுட்டர் பக்கம் திறக்கும், ஸ்டேட்டஸ் பகுதியில் வான் ஐபி (வெளிப்பக்க முகவரி) என்று ஓர் எண் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, அதே போனில் "வாட் இஸ் மை ஐபி" என்று தேடுங்கள். முக்காற்புள்ளி போட்ட நீளமான முகவரி காட்டினால் அது ஐபிவி6, அதை விட்டுவிட்டு நான்கு எண்கள் உள்ளதைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குப் பொது முகவரி இருக்கிறது, போர்ட் ஃபார்வர்ட் வேலை செய்யும். ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரை ஏதாவதோ, 10 என்று தொடங்குவதோ இருந்தால் கதை முடிந்தது. மறுபடி மறுபடி ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுக்காதீர்கள்.

அப்படியானால் வழி என்ன? லைன்காரரிடம் மாறாத பொது முகவரியான ஸ்டாட்டிக் ஐபி கேட்கலாம், மாதாமாதம் தனிக் கட்டணம் வரும். ஸ்டாட்டிக் என்று சொல்லி உள் முகவரி ஒன்றையே நிலையாகக் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. "பப்ளிக்கா?" என்று அழுத்திக் கேளுங்கள், கொடுத்த பிறகு மேலே சொன்ன சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். கேமரா பார்க்க மட்டும் என்றால் அந்தச் செலவே வேண்டாம். இப்போது வரும் டிவிஆர்களில் பெரும்பாலும் பி2பி வசதி இருக்கிறது. கருவி தானாக வெளியே போய் கம்பெனி சர்வரைத் தொடுவதால் சிஜிநாட் அதைத் தடுக்காது. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் போதும். ஆனால் அங்கேயும் கோட்டை விடுகிறார்கள். டிவிஆருக்குக் கையால் ஐபி போடுகிறவர் வெளியே போகும் வழியான கேட்வேயையும், பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸையும் காலியாக விட்டுவிடுகிறார். டிஎன்எஸ் இல்லாமல் அந்தக் கருவி சர்வரின் பெயரை எப்படித் தேடும்? நிலை ஆஃப்லைன் என்றே நிற்கும். கேட்வேயில் ரவுட்டரின் 192.168.1.1, டிஎன்எஸ்ஸில் 8.8.8.8 போட்டுச் சேமித்தால் ஆன்லைன் என்று மாற வேண்டும். வெளியூரில் படம் திக்கித் திக்கி வந்தால் போனுக்கு அனுப்பும் சின்னப் படமான சப் ஸ்ட்ரீமை 512 கேபிபிஎஸ்ஸுக்கு இறக்குங்கள். இந்த நான்கு வரியைச் சொல்லித் தர ஒருத்தருக்கும் நேரமில்லை!

பொது முகவரி உள்ள வீடுகளில் நடக்கும் கூத்து இதைவிட ஆபத்து. எந்த போர்ட் என்று பார்க்கச் சோம்பல்பட்டு, டிவிஆரை அப்படியே டிஎம்சட்டில் தூக்கிப் போட்டுவிட்டுப் போகிறார்கள். டிஎம்சட் என்றால் அந்தக் கருவியின் எல்லா போர்ட்டும் உலகத்துக்குத் திறந்து கிடக்கிறது என்று பொருள். கடவுச்சொல்லோ கம்பெனி போட்ட அட்மின், 12345. 2016-இல் மிராய் என்ற தீம்பொருள் உலகம் முழுக்க வளைத்துப் போட்டது இப்படிக் கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும்தான். அது நடந்து இத்தனை வருஷம் ஆகியும் அதே அட்மின், அதே 12345. அந்தக் கேமராவில் தெரிவது யாரோ ஒருவருடைய வீட்டு முற்றம், அந்த வீட்டுப் பெண்கள், பிள்ளைகள். இதில் அலட்சியம் காட்டுகிறவரை மன்னிக்கவே கூடாது. முதலில் டிவிஆர் கடவுச்சொல்லை மாற்றுங்கள். ரவுட்டரில் டிஎம்சட்டையும், கருவிகள் தாமாகவே போர்ட் திறந்துகொள்ள விடும் யூபிஎன்பியையும் அணையுங்கள், வெளியிலிருந்து ரவுட்டர் பக்கத்தைத் திறக்கும் ரிமோட் மேனேஜ்மென்ட்டையும் அணையுங்கள். ஃபார்வர்ட் தேவைப்பட்டால் டிவிஆர் பயன்படுத்தும் ஒரே ஒரு போர்ட்டை மட்டும் திறங்கள், 8000 அல்லது 37777 என்று கருவியின் நெட்வொர்க் பக்கத்திலேயே இருக்கும். 80-ஐத் திறக்கவே வேண்டாம்.

"முந்தாநேத்து வரை வந்துச்சு, கரண்ட் போய் வந்ததுலேர்ந்து வரல" என்பது இன்னொரு புலம்பல். கரண்ட் வந்ததும் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் முகவரி கேட்கின்றன. 192.168.1.5-இல் இருந்த டிவிஆர் 1.7-க்குப் போய்விடுகிறது, 1.5 யாருடைய போனுக்கோ கிடைக்கிறது. ஃபார்வர்ட் விதி இன்னும் 1.5-ஐத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது. ரவுட்டர் தானாக முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி வரம்பை 100 முதல் 200 வரை வைத்துவிட்டு டிவிஆருக்கு 192.168.1.20 என்று நிலையாகக் கொடுத்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

இதெல்லாம் நாமே செய்துகொள்ளலாம் என்றால், செய்ய விடுகிறார்களா? பெட்டி நம் வீட்டில், நம் கரண்டில் ஓடுகிறது. அட்மின் கடவுச்சொல் கேட்டால், "அது ஆபீஸ்லதாண்ணே இருக்கு, குடுக்க மாட்டாங்க" என்கிறார் லைன் பையன். ஃபைபர் வந்து சேரும் ஓஎன்யூ பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லைப் போட்டால் வைஃபை பெயர் மாற்றும் பக்கம் மட்டும் திறக்கிறது. விலான், பிரிட்ஜ், ரூட்டிங் என்ற முக்கிய அமைப்புகளை எல்லாம் மறைத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பையனைத் திட்டிப் பிரயோஜனமில்லை, அவனுக்கும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

சொந்தமாக நல்ல ரவுட்டர் வாங்கி மாட்டுகிறவர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஓஎன்யூவும் 192.168.1.1, புது ரவுட்டரும் 192.168.1.1. சில ரவுட்டர் தானே வேறு எண்ணுக்கு மாறிக்கொள்ளும். மாறாத ரவுட்டரில் இரண்டு பக்கமும் ஒரே முகவரியாகி, இன்டர்நெட் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றுவிடும். எண்ணை மாற்றினாலும் இரட்டை நாட் இருக்கும், அதாவது முகவரி மாற்றம் இரண்டு பெட்டியிலும் நடக்கும். வைஃபை நன்றாகக் கிடைத்தால் போதும் என்பவர்கள் புது ரவுட்டரை வைஃபை மட்டும் பரப்பும் அக்சஸ் பாயின்ட்டாக வைத்துக்கொள்ளலாம். முதலில் அதன் லான் (வீட்டுப் பக்க) ஐபியை 192.168.1.2 என்று மாற்ற வேண்டும், பிறகு அதன் டிஹெச்சிபியை அணைக்க வேண்டும், கடைசியாக ஓஎன்யூவின் லான் ஓட்டையிலிருந்து வரும் கேபிளை ரவுட்டரின் லான் ஓட்டையில் சொருக வேண்டும். தனி நிறத்தில் இருக்கும் வான் ஓட்டை காலியாகவே கிடக்கட்டும். இந்த வரிசையை மாற்றி டிஹெச்சிபியை முதலில் அணைத்தால், ரவுட்டர் பக்கத்துக்குள் மறுபடி நுழைய முடியாமல் தவிப்பீர்கள்.

முழுக்க நம் ரவுட்டரே வேலை செய்ய வேண்டுமென்றால் ஓஎன்யூவை பிரிட்ஜில், அதாவது ரவுட்டர் வேலை பார்க்காமல் லைனை மட்டும் கடத்தும் நிலையில், போடச் சொல்ல வேண்டும். அதற்கு லைனில் லாகின் செய்யும் பிபிபிஓஇ முறையின் யூசர் பெயர், அதன் கடவுச்சொல், லைன்காரர் தன் இணைப்பைப் பிரித்துக் காட்டும் விலான் எண் மூன்றும் தேவை. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் லைன் ஏறாது. ஒரு தடவையில் போகும் தரவுத் துண்டின் (பாக்கெட்டின்) உச்ச அளவான எம்டியூவையும் 1492 என்று வையுங்கள். ஈதர்நெட்டின் 1500 பைட்டில் பிபிபிஓஇ தலைப்புக்கு 8 பைட் போய்விடும். 1500 என்றே விட்டால் சில தளம் திறக்கும், சில தளம் சுற்றிக்கொண்டே நிற்கும், பேங்க் பக்கம் பாதியில் உறைந்துவிடும். "ஸ்பீடு நல்லாத்தான் காட்டுது" என்று கஸ்டமர் கேர் அடித்துச் சொல்வதும் இந்தக் கோளாறுக்குத்தான். கம்ப்யூட்டரில் பாக்கெட்டைத் துண்டாக்காமல் அனுப்பும் தேர்வோடு 1464 பைட்டுக்கு பிங் (போய் வருகிறதா என்ற சோதனை) கொடுத்துப் பாருங்கள். 28 பைட் தலைப்போடு சேர்த்தால் 1492. அது போய் வந்து, 1472 போகவில்லையென்றால் காரணம் இதுவே.

இணைப்பு கொடுக்கிற அன்றே பிபிபிஓஇ விவரம், விலான் எண், அட்மின் கடவுச்சொல், சிஜிநாட்டா பொது முகவரியா என்ற பதில், இவ்வளவையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தர எத்தனை நேரமாகும்? கேட்டு வாங்குங்கள்.

கஷ்டப்பட்டு எல்லாம் அமைத்த பிறகு ஒரு காலையில் எழுந்து பார்த்தால் போட்ட டிஎன்எஸ், ஃபார்வர்ட், வைஃபை பெயர் எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். பேய் பிசாசு வேலை இல்லை. டிஆர்-069 என்ற வழியாக லைன்காரர் தன் ஆபீஸிலிருந்தே பெட்டியைத் திருத்தலாம். பெட்டிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரை ஏற்றும்போது நம் அமைப்பை அழித்துத் தன் அமைப்பைப் போடுகிறார். பழுது பார்க்க அந்த வழி தேவைதான், ஒத்துக்கொள்கிறேன். ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டுச் செய்யக் கூடாதா? அமைத்து முடித்ததும் பேக்கப் கோப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பக்கம் பக்கமாக ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ராமேஸ்வரத்தில் சின்ன லாட்ஜ் நடத்துகிறவர்கள் பாடு தனி. ஆடி அமாவாசை, தை அமாவாசைக் கூட்டத்தில் "வைஃபை கனெக்ட் ஆகுது, நெட் வரல" என்று அறைக்கு அறை சத்தம். மேலே வேகமான பிளானுக்கு மாறச் சொல்லி விற்கப் பார்க்கிறார்கள். வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. டிஹெச்சிபி வரம்பு குறுகலாக இருக்கிறது, ஒரு போன் முகவரியைப் பிடித்து வைத்திருக்கும் லீஸ் நேரமோ 86400 விநாடி, அதாவது முழு ஒரு நாள். காலையில் தீர்த்தமாடிவிட்டு மதியமே ஊருக்குப் போனவரின் போன் எடுத்த முகவரி மறுநாள் வரை அவர் பேரிலேயே கிடக்கிறது. புதிதாக வந்தவருக்குக் கொடுக்க மிச்சமில்லை. வரம்பை 192.168.1.21 முதல் 250 வரை விரித்து, லீஸை 3600 விநாடிக்கு இறக்குங்கள். விருந்தினருக்குத் தனி கெஸ்ட் வைஃபை கொடுங்கள், பில் போடும் கம்ப்யூட்டரும் கேமராவும் அதில் தெரியக் கூடாது. 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் 1, 6, 11 மூன்றில் ஒன்று, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், பாதுகாப்பு டபிள்யூபிஏ2 ஏஇஎஸ். வைஃபைக்கு இது போதும்.

அமைப்பெல்லாம் சரியாக இருந்தும் அறுந்து அறுந்து வந்தால் கடற்கரை ஊரில் பார்க்க வேண்டிய இடம் வேறு. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் உப்பு படியாத பொருள் கிடையாது. ரவுட்டர் அடாப்டரின் பின்னை உருவிப் பாருங்கள். உள்வளையத்தில் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். தொடர்பு விட்டு விட்டு வர, 12 வோல்ட் பெட்டி சொல்லாமல் கொள்ளாமல் ரீஸ்டார்ட் ஆகும். கேபிள் நுனியின் எட்டு பித்தளை நிறத் தகடுகளிலும் அதே களிம்புதான். துடைத்துப் பார்க்காதீர்கள், நுனியை வெட்டிவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள். ஃபைபர் கண்ணாடி, அதை உப்பு தின்னாது. மூடி இல்லாத ஸ்ப்ளிட்டர் (ஒளியைப் பல வீட்டுக்குப் பிரிக்கும்) பெட்டியைப் போஸ்டில் தொங்கவிட்டால் கனெக்டர் முகத்தில் ஈரமும் தூசியும் ஏறாமல் என்ன செய்யும்? ஓஎன்யூ பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் (வந்து சேரும் ஒளியின் அளவு) என்று மைனஸில் ஓர் எண் காட்டும். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி, மைனஸ் 27-ஐத் தாண்டினால் லைன் நிற்காது. அந்த எண் 3 டிபி குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். இணைத்த அன்றைய எண்ணை எழுதி வைத்தால், புகார் சொல்லும்போது "அன்று மைனஸ் 20, இன்று மைனஸ் 26" என்று கேட்கலாம், மழுப்ப முடியாது. பச்சை நிறக் கனெக்டரின் முகம் 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது, நீல நிறத்தது அப்படி இல்லை. அவசரத்துக்கு ஒன்றில் மற்றதைச் சொருகிவிட்டுப் போகிறவர்களைக் கையோடு பிடித்து நிறுத்துங்கள். கழற்றிய ஃபைபர் நுனியைக் கண்ணருகே கொண்டுபோக வேண்டாம், அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது.

இத்தனைக்கும் கஸ்டமர் கேரில் ஒரே மந்திரம்: "ரீசெட் பண்ணிப் பாருங்க." பின்பக்கத் துளையில் ஊசியை விட்டுப் 10 விநாடி அமுக்கினால் பிபிபிஓஇ விவரம், விலான், ஃபார்வர்ட் அத்தனையும் போய்விடும். அந்த விவரத்தை நமக்குக் கொடுக்காதவர்களே அதை அழிக்கவும் சொல்கிறார்கள்! பிறகு, "ஆள் நாளைக்கு வருவாருங்க லாத்தா" என்று பதில் வரும். சனி சாயங்காலம் அமுக்கினால் திங்கள் வரை வீட்டில் நெட் கிடையாது, துபாய்க்காரருக்குக் கேமரா கிடையாது. அணைத்து 30 விநாடி கழித்துப் போடுவது ரீஸ்டார்ட், அதைத் தாராளமாகச் செய்யுங்கள். அந்தத் துளைக்கு மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி "அமுக்காதே" என்று எழுதி வையுங்கள். பழுது பார்க்க வருகிறவரும் வாசிக்கட்டும்.