டேடோனாவும் 36 கற்களும்

ரோலெக்ஸின் டேடோனா கைக்கடிகாரத்தில் ரத்தினக் கல் பதிப்பது அபச்சாரம் என்று பல ஆண்டுகளாக நண்பர்களோடு மல்லுக்கட்டி வந்தவன் நான். இன்றோடு அந்தக் கட்சியிலிருந்து விலகுகிறேன். திட்டுகிறவர்கள் திட்டலாம்.

விஷயம் 'ரெயின்போ' டேடோனா. 2012இல் மஞ்சள் தங்கத்திலும் வெள்ளைத் தங்கத்திலும் வந்தது. 2018இல் இளஞ்சிவப்புத் தங்கத்தில் வந்தபோது சேகரிப்பாளர்களுக்குப் பித்தே பிடித்துவிட்டது. டயலைச் சுற்றிய வளையத்தில் 36 சஃபையர் கற்கள், வானவில் வரிசையில்.

என் பழைய கோபத்துக்கு நியாயம் இருந்தது. 1963இல் டேடோனா வந்தபோது அதன் பெருமையே அந்த வளையம்தான். டயலுக்குள் நெருக்கியடித்துக் கிடந்த டாக்கிமீட்டர் எண்களை, அதாவது வேகம் காட்டும் எண்களை, கார் பந்தயக்காரர்களுக்காக வெளியே கொண்டுவந்தார்கள். பட்டனை அழுத்தி, ஒரு கிலோமீட்டர் போனதும் மறுபடி அழுத்தினால், முள் நிற்கும் இடத்தில் வேகம் எழுதியிருக்கும். 3600ஐ நொடிகளால் வகுக்கும் கணக்கு, அவ்வளவே. என்னிடமுள்ள மலிவான குரோனோகிராஃபை (நிறுத்துக் கடிகாரமும் சேர்ந்த கைக்கடிகாரம்) வைத்து, ரயில் ஜன்னலோரம் அமர்ந்து கிலோமீட்டர் கற்களை எண்ணி நானும் அளந்திருக்கிறேன். 36 நொடி என்றால் மணிக்கு 100. "ரயில்வேயில் வேலையா, தம்பி?" என்று எதிரே இருந்த பெரியவர் கேட்டதுதான் அதில் கிடைத்த ஒரே பலன்.

ரெயின்போவில் அந்த எண்களே கிடையாது. உள்ளே ஓடும் 4130 இயந்திரமோ சாமானியமானது அல்ல. முள் துள்ளாமல் கிளம்புவதற்குச் செங்குத்துக் கிளட்ச். கழற்றி வைத்தாலும் 72 மணி நேரம் ஓடும். இத்தனையும் செய்துவிட்டு வேகத்தைப் படிக்க வழியில்லாமல் ஆக்கினால் எரிச்சல் வராதா?

என் மனத்தை மாற்றியது கல்தான். சஃபையர் என்றால் நீலம் மட்டும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நகைக்கடையில் மஞ்சள் சஃபையருக்குப் புஷ்பராகம் என்று பெயர் மாறிவிடுகிறது. சிவப்பு முற்றிவிட்டால் அதுவே மாணிக்கம். எல்லாம் ஒரே குருந்தக்கல். (ஆங்கிலத்தின் 'கொரண்டம்' நம் குருந்தத்திலிருந்து போன சொல் என்பதில் எனக்கு ஓர் அற்பக் கர்வம் உண்டு.) தூய குருந்தத்துக்கு நிறமே இல்லை. துளி குரோமியம் சேர்ந்தால் இளஞ்சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். இப்படி மண்ணுக்குள் தற்செயலாக நிறமேறிய கற்களில், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நிறம் கண்ணுக்குத் தெரியாமல் நழுவும்படி 36ஐப் பொறுக்கி, ஒரே அளவில் பட்டை தீட்டி, இடைவெளி தெரியாமல் பதிக்க வேண்டும். ஒரு கல் சற்று வெளிறினாலும் வானவில்லில் பொத்தல் விழுந்துவிடும். இரண்டே கம்மல் கல்லுக்கு ஜோடி சேர்க்கக் கடை கடையாக ஏறியவர்களிடம் கேளுங்கள், 36 என்றால் என்னவென்று சொல்வார்கள்.

கல் பதிப்பது ரோலெக்ஸுக்குப் புதுப் பழக்கமும் அல்ல. சாவி கொடுத்து ஓட்டிய காலத்திலேயே, 1980களில், 6269, 6270 என்ற மாடல் எண்களில் வைரம் இழைத்த டேடோனாக்கள் வந்திருக்கின்றன.

சரி, எஃகு டேடோனா கட்டியிருப்பவர்களில் யார் வேகம் அளக்கிறார்கள்? ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் மெய்யாகவே பந்தயத்தில் கார் ஓட்டியவர். அவர் கட்டியிருந்த டேடோனா 2017இல் நியூயார்க் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்கு மேல் போனது. மற்றவர்களின் வளையத்து எண்கள் காப்பி ஆறுகிறதா என்று பார்க்கக்கூடப் பயன்படுவதில்லை. ரெயின்போ அந்தப் பாசாங்கை விட்டுவிட்டது. நான் நகைதான் என்று நேராகச் சொல்கிறது.

ஆனால் ஒன்றில் இறங்கிவர மாட்டேன். சாதாரண டேடோனாவை வாங்கி, வெளியே கொடுத்துக் கல் இழைத்து ரெயின்போ என்று கட்டிக்கொண்டு திரிகிறார்களே, அது ஆகாது. அதற்கு உத்தரவாதமும் போய்விடும், விவரமறிந்த சேகரிப்பாளர் கையாலும் தொடமாட்டார். போன மாதம் ஒரு திருமண வரவேற்பில் ஒருவர் அப்படியொன்றைப் பெருமையாக நீட்டினார். மஞ்சளிலிருந்து நேரே நீலத்துக்குத் தாவியது அவருடைய வானவில். நடுவில் பச்சையைக் காணவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டேன்.