ஒரு பாட்டோடு முடிந்துபோன குழுவா இது?

கோல்டன் இயரிங் என்ற ராக் குழுவின் பெயரை எடுத்தாலே "ரேடார் லவ் பாடினவங்கதானே, அதோட காணாமல் போயிட்டாங்களே" என்று ஒருவர் வந்துவிடுகிறார். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. எங்கே காணாமல் போனார்கள்? நெதர்லாந்தின் தி ஹேக் நகரில், 13 வயது ஜார்ஜ் கூய்மன்ஸும் பக்கத்து வீட்டுப் பையன் ரீனுஸ் கெரிட்சனும் 1961-இல் தொடங்கிய குழு 2021 வரை இருந்தது. அறுபது வருஷம்! பாடகர் பேரி ஹே 1967-இல் சேர்ந்தார் (அவர் பிறந்தது இந்தியாவில், ஃபைசாபாத்தில்), டிரம்ஸ் வாசிக்கும் சீசர் ஸௌடர்வைக் 1970-இல். நடுவில் ஐந்தாவதாகச் சிலர் வந்தார்கள், போனார்கள், ஆனால் இந்த நாலு பேர் கடைசிவரை பிரியவே இல்லை.

1973-இல் வந்த அந்த 'ரேடார் லவ்' பெரிய பாட்டுதான், மறுக்கவில்லை. ராத்திரி முழுக்க வண்டி ஓட்டுகிறவனின் கை ஸ்டியரிங்கில் வியர்த்து நனைந்திருக்கிறது, தூரத்தில் இருக்கிறவள் கூப்பிடுவது ஃபோன் இல்லாமலே அவனுக்குக் கேட்கிறது, கீழே கெரிட்சனின் பேஸ் கிட்டார் என்ஜின் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறது. மேடையில் இதை வாசிக்கும்போது ஸௌடர்வைக் தன் டிரம்ஸ் மேலேயே ஏறித் தாண்டிக் குதிப்பார், வயதான பிறகும்!

அமெரிக்க ஹிட் பாட்டுப் பட்டியலில் அது எட்டியது 13-ஆவது இடம். பத்து வருஷம் கழித்து அவர்களுடைய இன்னொரு பாட்டு 'ட்வைலைட் ஸோன்' 10-ஆவது இடத்துக்கே போனது. அப்படியிருக்க 'ஒரே ஹிட்' என்பது என்ன கணக்கு? அமெரிக்க ரேடியோ எதைத் திரும்பத் திரும்பப் போட்டதோ அதை வைத்தே ஒரு குழுவின் ஆயுளை அளக்கிறோம், அதுதான் பிரச்சினை. சொந்த ஊரில் அவர்களுக்கு அரங்கம் நிறையாத வருஷமே கிடையாது என்று சொல்லலாம். 1992-இல் மின்கிட்டாரை ஓரம் வைத்துவிட்டு வாசித்த 'தி நேக்கட் ட்ரூத்' ஆல்பம் அங்கே சக்கைப்போடு போட்டது.

கிட்டார் வாசித்த கூய்மன்ஸுக்கு ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய் என்று தெரிந்ததும் 2021-இல் குழுவையே முடித்துக்கொண்டார்கள். வேறு கிட்டார்காரரைப் போட்டு அந்த ஒரு பாட்டை வைத்தே இன்னும் பத்து வருஷம் ஊர் ஊராகச் சம்பாதித்திருக்கலாம். செய்யவில்லை. கூய்மன்ஸ் 2025 ஜூலையில் போய்ச் சேர்ந்தார். நான் இந்தக் குழுவை மதிப்பதற்கு, அவர் இல்லாமல் தொடர வேண்டாம் என்று எடுத்த அந்த முடிவுதான் முதல் காரணம், பாட்டெல்லாம் அப்புறம்தான்.