காணிக்கு நடுவே கரண்ட் போஸ்ட்

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் எங்களுக்கென்று இருப்பதே 7 பேர்ச் காணி. அதுவும் சரிவு. அதன் நட்டநடுவே கரண்ட் போஸ்ட். போதாததற்கு அதை இழுத்துப் பிடிக்கிற கம்பி லீக்ஸ் பாத்திக்குள் வந்து இறங்குகிறது. மழைக்கு மண் அரித்து அடிப்பகுதி வெளியே தெரிகிறது. பிள்ளைகள் அந்தப் பக்கம் போனாலே வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

போஸ்ட் நடும்போது கரண்ட்காரர்கள் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மின்சாரச் சட்டத்திலேயே காணிக்காரருக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும், ஆட்சேபித்தால் பிரதேச செயலாளர் விசாரிக்க வேண்டும் என்று இருந்ததே! எங்களுக்கு ஒரு துண்டுக் கடிதம்கூட வரவில்லை. இப்போது நகர்த்தச் சொன்னால் செலவை நீங்களே கட்டுங்கள் என்கிறார்கள். காணி உறுதிப்பத்திரம் இருக்கிறதா என்று வேறு கேள்வி. தலைமுறை தலைமுறையாகச் சொந்தக் காணியில்லாமல் தோட்டத்து லய வீடுகளில் கிடந்தவர்களிடம் கேட்கிற கேள்வியா இது?

கரண்ட் எல்லாருக்கும் வேண்டும். வேலியோரமாகத் தள்ளி நட்டிருந்தால் யாருக்கு என்ன குறைந்திருக்கும்?